சிறார் எழுவாயாகும் இடம்: குழந்தைக் காப்புச் சட்டச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மணமுறிவின்போது குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்னும் வினாவுக்குச் சட்டம் ஒரு சில சொற்களின் வழியாகவே விடை காண்கிறது. ‘வழக்கமாக வசிக்கும் இடம்’, ‘தந்தைக்குப் பின்’, ‘நலன்’ ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 1914ஆம் ஆண்டின் அன்னி பெசன்ட் – நாராயணய்யா வழக்கிலும் 1999ஆம் ஆண்டின் கீதா ஹரிஹரன் வழக்கிலும் இச்சொற்களுக்குப் பொருள்கொள்ளப்பட்ட முறையை இக்கட்டுரை தமிழ் உரை மரபின் துணைகொண்டு ஆராய்கிறது. சட்டத் தொடர்களில் சிறார் பெரிதும் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர் என்பதையும், அவர்கள் எழுவாயாக நிற்கும் அரிய இடம் நடைமுறையில் போதிய அளவு பயன்கொள்ளப்படவில்லை என்பதையும் எடுத்துரைக்கிறது. பல்லாவரம் போன்ற சென்னைத் தென்புறநகரில் எழுதப்படும் இசைவு மனுவின் மொழி இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காப்பு, காப்பாளர், மணமுறிவு, உரை மரபு, சட்டத்தமிழ், பிள்ளைத்தமிழ், பல்லாவரம், செங்கல்பட்டு.

முன்னுரை

சட்டத்தை மொழிப்பனுவலாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் தமிழில் குறைவு. சட்டத்தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் எது என்று கேட்கும் அளவுக்கு, அச்சொல் அமைந்த தொடரில் யார் செயல்படுகிறார், யார்மீது செயல் நிகழ்கிறது என்று அவை கேட்பதில்லை. குழந்தைக் காப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை இவ்வினா இன்றியமையாதது. அச்சட்டத்தின் நோக்கமே குழந்தை என்று நீதிமன்றங்கள் கூறுகின்றன. அந்தக் குழந்தைக்குச் சட்டத் தொடரில் என்ன இடம் கிடைத்துள்ளது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இந்து திருமணச் சட்டம் (1955), இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் (1956), எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் (1890), குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் (1984) ஆகியவை இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. ‘காப்பு’ என்னும் சொல்

மணமுறிவு வழக்கில் வழங்கும் சொற்களுள் இரண்டு பெரிதும் குழப்பம் தருவன. குழந்தையின் உடல், சொத்து ஆகிய இரண்டுக்கும் சட்டப்படிப் பொறுப்பேற்பவர் ‘காப்பாளர்’. குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்ப்பது ‘காப்பு’. முன்னது தகுதி, பின்னது நடைமுறை. ஒருவரிடம் காப்பும் மற்றவரிடம் காப்பாளர் தகுதியும் இருக்கக்கூடும். ஆனால் தமிழில் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் ஆதலால், குழந்தை தம்மிடம் இருப்பதாலேயே தாம் காப்பாளர் என்று ஒரு தாய் கருதிக்கொள்ள இடமுண்டு. வங்கியிலோ சொத்து விற்பனையிலோ தந்தையின் கையொப்பம் கேட்கப்படும்போதுதான் அவ்வேறுபாடு அவருக்குப் புலனாகிறது. பேச்சு வழக்கில் நிலவும் ‘கஸ்டடி’ என்னும் சொல்லும் காவல் நிலையத்தையே முதலில் நினைவூட்டுகிறது.

தமிழ் இலக்கிய மரபில் ‘காப்பு’ குழந்தையோடு நெருங்கிய தொடர்புடைய சொல். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். அப்பருவத்தில் குழந்தை எதையும் செய்வதில்லை. அதனைக் காக்குமாறு தெய்வங்கள் வேண்டப்படுகின்றன. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனப் பருவங்கள் வளர வளரக் குழந்தை தலையசைக்கிறது, கைகொட்டுகிறது, நடந்து வருகிறது. இறுதி மூன்று பருவங்களில் ஆண்பால் பிள்ளை சிற்றில் சிதைக்கிறது, சிறுபறை முழக்குகிறது, சிறுதேர் உருட்டுகிறது. பெண்பால் பிள்ளை அம்மானை ஆடுகிறது, நீராடுகிறது, ஊசலாடுகிறது. காக்கப்படும் பொருளாகத் தொடங்கிய குழந்தை செயல் புரியும் எழுவாயாக வளர்வதே அவ்விலக்கிய வகையின் இயங்குமுறை. காப்பு என்பது அங்குத் தொடக்கப் பருவம் மட்டுமே. பதினெட்டு வயது வரையிலான சிறாரைப் பற்றிப் பேசும் சட்டமோ காப்புப் பருவத்தைக் கடந்து செல்ல மிகவும் தயங்குகிறது. இத்தயக்கத்தின் வரலாற்றை இரு வழக்குகள் காட்டுகின்றன.

2. ‘வழக்கமாக வசிக்கும் இடம்’: செங்கல்பட்டில் தொடங்கிய வழக்கு

குழந்தைக் காப்பு குறித்து இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஒரு தீர்ப்பின் தொடக்கம் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் உள்ளது. அடையாற்றில் பிரம்மஞான சபையைச் சார்ந்து வாழ்ந்த நாராயணய்யா, தம் மகன்களான ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகியோரின் காப்பாளராக அன்னி பெசன்ட் அம்மையாரை 1910இல் எழுத்து வழியாக ஏற்றார். சிறுவர்கள் கல்விக்காக இங்கிலாந்து அழைத்துச் செல்லப்பட்டனர். பின்னர்த் தம் இசைவைத் திரும்பப் பெற்ற தந்தை, மகன்களை மீட்டுத் தருமாறு 1912இல் வழக்குத் தொடுத்தார். அடையாறு அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தமையால் அவ்வழக்கு அம்மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர் வாதிட்டார். அன்னி பெசன்ட் தம் வழக்கைத் தாமே நடத்தினார். 1913இல் உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. 1914இல் பிரிவி கவுன்சில் அதனை மாற்றியது.

பிரிவி கவுன்சிலின் முடிவு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலுள்ள ஒரு தொடரைச் சார்ந்தது. சிறார் ‘வழக்கமாக வசிக்கும்’ இடத்தின் மாவட்ட நீதிமன்றமே காப்பு குறித்து விசாரிக்கலாம் என்கிறது அப்பிரிவு. இங்கிலாந்தில் கல்வி கற்கும் நோக்கத்தோடு சில மாதங்களுக்கு முன்பே நாட்டைவிட்டுச் சென்ற சிறுவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் ஆகார் என்று கவுன்சில் கூறியது. தந்தையின் காப்பாளர் தகுதியைப் புனிதமான ஒரு பொறுப்பாகக் கருதி, அதனை அவர் மாற்றமுடியாத வகையில் பிறருக்குக் கைமாற்ற இயலாது என்றும் அது ஏற்றுக்கொண்டது. எனினும் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடும் வழி தந்தைக்குத் திறந்துவைக்கப்பட்டது.

இத்தீர்ப்பு பொதுவாக நீதிமன்ற எல்லை குறித்த ஒரு நடைமுறைத் தீர்ப்பாகவே படிக்கப்படுகிறது. தொடரமைப்பு நோக்கில் படித்தால் வேறொன்று தெரிகிறது. 9ஆம் பிரிவில் வசிப்பவர் சிறார். அதாவது வசித்தல் என்னும் வினைக்கு எழுவாய் சிறாரே. தந்தை எங்கு வசிக்கிறார் என்பது அங்குப் பொருட்டில்லை. உயர் நீதிமன்றத்தின் ஆணை சிறுவர்களை ஒப்படைக்கப்பட வேண்டியவர்களாகக் கண்டது. பிரிவி கவுன்சிலோ அவர்கள் எங்கே, எந்நோக்கத்தோடு வாழ்கின்றனர் என்று கேட்டது. 1912இல் மூத்தவருக்கு வயது பதினேழு. அவ்வயதினர் ஒருவரைப் பற்றி இரு பெரியவர்கள் நடத்திய வழக்கில் அவர் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை என்பது அவ்வழக்கின் அடிப்படைக் குறை. வசிக்கும் இடம் பற்றிய ஒரு வினையின் வழியாகச் சிறார் அத்தொடரில் எழுவாயாக நுழைந்தனர் என்பதே 1914ஆம் ஆண்டுத் தீர்ப்பின் இன்றைய பயன் எனலாம்.

3. ‘பின்’ என்னும் சொல்லும் 1999ஆம் ஆண்டு உரையும்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(அ) பிரிவு, மகனுக்கும் மணமாகாத மகளுக்கும் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தையின் காப்பு சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்ற விதிவிலக்கும் அதிலேயே உள்ளது. காப்பு தாய்க்கு, காப்பாளர் தகுதி தந்தைக்கு என்னும் பிரிவினை ஒரே தொடருக்குள் அமைந்துவிட்டது.

கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவர் கணவரும் 1984இல் தம் மகன் பெயரில் இந்திய ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தனர். அந்த முதலீட்டுக்குத் தாயே காப்பாளர் என்று இருவரும் இசைந்திருந்தனர். தந்தையின் கையொப்பம் வேண்டும், அல்லது தாயைக் காப்பாளராக அறிவிக்கும் சான்று வேண்டும் என்று கூறி வங்கி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. இதனை எதிர்த்த மனுவும், மணமுறிவு வழக்கோடு தொடர்புடைய வந்தனா சிவாவின் மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த், நீதிபதிகள் எம். சீனிவாசன், யு. சி. பானர்ஜி ஆகியோர் 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வழங்கினர்.

வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. தமிழில் ‘பின்’ என்பது காலம், இடம், முறை ஆகிய மூன்றையும் சுட்டும். ‘உண்டபின்’ என்பதில் காலம். ‘வீட்டின் பின்’ என்பதில் இடம். ‘பின்னவன்’ என்பதில் முறை. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குரிய சொற்களுள் ஒன்றாகப் ‘பின்’ என்பதை எண்ணுகிறது. சட்டத் தொடருக்கு அதுவரை பரவலாகக் கொள்ளப்பட்ட பொருள் காலப்பொருள்: தந்தையின் வாழ்நாளுக்குப் பின். இப்பொருள் தாய், தந்தை இருவரின் சமநிலைக்கு முரணாகும் என்பதால் உச்ச நீதிமன்றம் வேறொரு பொருளைக் கொண்டது. ‘தந்தை இல்லாதபோது’ என்பதே அது. தந்தை குழந்தையின் நலனில் முற்றிலும் கருத்தற்றிருத்தல், இருவரின் இசைவால் தாய் மட்டுமே பொறுப்பேற்றிருத்தல், தந்தை தொலைவில் வாழ்வதாலோ உடல், மன இயலாமையாலோ பொறுப்பேற்க முடியாதிருத்தல் ஆகியன இவ்வில்லாமையுள் அடங்கும் என்றது. பிரிவு செல்லாது என்று அறிவிக்காமல், அரசமைப்புக்கு இயைந்த பொருளை அதற்கு ஏற்றிக் காத்தது.

இஃது உரையாசிரியரின் செயல். மூலத்தைத் திருத்தாமல், அதன் சொல்லுக்கு இடமளிக்கும் பொருள்களுள் தக்கதைத் தேர்ந்து முரண் களைவது தமிழ் உரை மரபில் நன்கறியப்பட்ட முறை. நச்சினார்க்கினியர் சொற்களை அகன்ற இடங்களிலிருந்து கொண்டு கூட்டிப் பொருள்கண்டதைப் பிற்காலத்தார் பாராட்டவும் செய்தனர், குறைகூறவும் செய்தனர். 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவ்விரு மதிப்பீட்டுக்கும் உரியது. அது தாய்மார்க்குத் திறந்த வழி பெரிது. அதன் குறைகள் மூன்று.

முதலாவது, மூலம் மாறவில்லை. 6(அ) பிரிவின் சொற்கள் இன்றும் அவ்வாறே உள்ளன. உரையைப் படிக்காமல் மூலத்தை மட்டும் படிக்கும் அலுவலர் பழைய பொருளையே கொள்ள முடியும். இந்தியச் சட்ட ஆணையம் 1989இல் 133ஆம் அறிக்கையிலும், 2015இல் 257ஆம் அறிக்கையிலும் பெற்றோர் இருவரையும் சமமாக வைக்குமாறு பரிந்துரைத்ததே மூலத்தின் திருத்தம் தேவை என்பதைக் காட்டும்.

இரண்டாவது, ‘இல்லாமை’ தந்தையைப் பற்றிய பயனிலை. தாயின் தகுதி தந்தையின் நிலையைப் பொறுத்தே பிறக்கிறது. தந்தையும் அக்கறையோடு இருக்கிறார், தாயும் இருக்கிறார், இருவரும் பிரிந்து வாழ்கின்றனர் என்ற நிலையே மணமுறிவு வழக்குகளில் மிகவும் சிக்கலானது. அந்நிலைக்கு இவ்வுரை நேரடியாக விடை தரவில்லை.

மூன்றாவது, இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது: ‘பின்’ என்னும் சொல்லின் போராட்டம் முழுவதும் தந்தைக்கும் தாய்க்கும் இடையே நிகழ்கிறது. நலனே தலையாயது என்னும் 13ஆம் பிரிவைத் தீர்ப்பு நினைவூட்டுகிறது. ஆனால் அங்கும் ‘குழந்தையின் நலன்’ என்று குழந்தை ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. நலனை வரையறுப்பவர் பிறர்.

4. பல்லாவரத்தில் எழுதப்படும் மனு

பல்லாவரம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியிலும் அடங்கியது. அதன் அன்றாட வாழ்க்கை சென்னையோடு பிணைந்தது. அதனால் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள் மாவட்ட எல்லையின் இருபுறமும் பிரிந்து வாழ்வது இயல்பு. பல்லாவரத்தில் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் பிரிந்தபின், மனைவி நகரத்திலுள்ள பெற்றோர் வீட்டுக்குச் செல்கிறார், குழந்தை பள்ளிக்காக வேறு மாவட்டத்துப் பாட்டியிடம் விடப்படுகிறது எனக் கொள்ளலாம். மணமுறிவு மனுவுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றோடு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மனுதாரரான மனைவி வசிக்கும் இடத்தையும் ஏற்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படித் தனியே தொடுக்கப்படும் காப்பு மனுவோ குழந்தை வசிக்கும் இடத்தைச் சாரும். எனவே குடும்ப வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் வினா, 1914இல் கேட்கப்பட்ட அதே வினாதான்: குழந்தை எங்கே வசிக்கிறது? கணவன் மனைவி வழக்கை ஒரு நீதிமன்றத்திலும் காப்பு வழக்கை வேறொரு நீதிமன்றத்திலும் நடத்தி, வாய்தாதோறும் அலைவதைத் தவிர்க்க இவ்வினா தொடக்கத்திலேயே தெளிவாக வேண்டும்.

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வழியாக வாதிடுவது தரப்பினரின் உரிமையன்று என்கிறது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. நீதிமன்றத்தின் ஒப்புதலோடுதான் வழக்கறிஞர் தோன்றுகிறார். இச்சட்டத்தின் எண்ணம் தரப்பினர் தம் சொற்களில் பேச வேண்டும் என்பது. ஆனால் சட்டத்தின் மூலமும் உயர் நீதிமன்றங்களின் உரையும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களுக்கு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழை உரிய மொழியாக்கியது. இவற்றுக்கிடையே நின்று மூலத்தையும் உரையையும் கட்சிக்காரரின் பேச்சோடு இணைப்பவர் வழக்கறிஞர். ‘பிள்ளை என்கிட்டதான் இருக்கணும்’ என்னும் பேச்சு, அவர் கையில் ‘குழந்தையின் நலன் கருதிக் காப்பு மனுதாரரிடம் இருத்தல் வேண்டும்’ என மாறுகிறது. நடை உயர்ந்துள்ளது, பொருள் மாறவில்லை. எதிர்த்தரப்பு மனுவிலும் இதே தொடர் இதே சொற்களில் இடம்பெற இயலும் என்பதே அத்தொடரின் வெறுமையை உணர்த்தும். ‘மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரம்’ எனப் பெருமை பேசப்படும் ஊரில், விவாகரத்து என்பதை மணமுறிவு என்று எழுதுவதால் மட்டும் சட்டத்தமிழ் நிறைவு பெற்றுவிடாது. சொல்லைத் தூய்மை செய்வது ஒரு பணி, தொடரைச் செம்மை செய்வது மற்றொரு பணி.

13-ஆ பிரிவின்படி இருவரும் இசைந்து தாக்கல் செய்யும் மனுவில் இச்செம்மைக்கு வாய்ப்பு மிகுதி. அங்கு நிபந்தனைகளை வகுப்பவர் பெற்றோரே. குழந்தையைத் தாய் வைத்துக்கொள்வது, வாரந்தோறும் தந்தை குழந்தையைப் பார்ப்பது, விடுமுறையில் குழந்தையை அழைத்துச் செல்வது, மீண்டும் ஒப்படைப்பது என்பனவே அத்தகைய நிபந்தனைகளின் பொது அமைப்பு. ஒவ்வொரு தொடரிலும் குழந்தை இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. தந்தை பார்க்கிறார், குழந்தை பார்க்கப்படுகிறது. ‘குழந்தை தன் தந்தையோடு ஞாயிறன்று இருக்கும்’, ‘குழந்தை விரும்பும்போது தாயோடு தொலைபேசியில் பேசும்’ என்று எழுதுவதால் உடன்பாட்டின் சட்ட வலிமை குறையாது. ஆனால் அத்தொடரை எழுத முனைபவர், ஞாயிறன்று குழந்தைக்கு வேறென்ன இருக்கிறது, அதன் நண்பர்கள் எங்கே, எந்தப் பள்ளி, எந்தப் பாட்டி என்று எண்ணியே ஆக வேண்டும். எழுவாயை மாற்றுவது கேள்வியை மாற்றுகிறது. அதுபோலவே தாய் மட்டும் பொறுப்பேற்பதாக இசைந்தால், 1999ஆம் ஆண்டு உரை கூறும் ‘இசைவு’ உடன்பாட்டில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். காப்பு என்ற ஒரு சொல்லுக்குள் அது தானே அடங்கும் என்று விட்டுவிடுதல் தகாது.

5. எழுவாயாகும் இடம்

சட்டத்தில் சிறாரின் விருப்பம் இரு இடங்களில் பேசப்படுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, காப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்த ஆணைகள் இயன்றவரை சிறாரின் விருப்பத்துக்கு இசைய அமைய வேண்டும் என்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(3) பிரிவு, சிறார் அறிவுடன் விருப்பம் கொள்ளும் வயதினராயின் நீதிமன்றம் அவ்விருப்பத்தைக் கருதலாம் என்கிறது. இங்குதான் சிறார் தெளிவாக எழுவாயாகின்றனர். ஆனால் அது துணைத்தொடரின் எழுவாய். முதன்மைத் தொடரின் எழுவாய் நீதிமன்றம். அதன் வினை ‘கருதலாம்’, ‘கருத வேண்டும்’ அன்று.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. குழந்தையைப் பேசவைப்பது அதன் தோளில் சுமையேற்றுவதாகும். ‘அப்பாவா, அம்மாவா’ என்று கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. உடனிருப்பவர் சொல்லிக்கொடுத்ததையே குழந்தை ஒப்பிக்கும். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அது கேட்கப்படும் வினாவின் குறையேயன்றிக் கேட்பதன் குறையன்று. பெற்றோருள் ஒருவரைத் தேர்வது வேறு, தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது வேறு. பள்ளி, உறங்கும் இடம், அச்சம், ஆசை ஆகியவற்றைப் பற்றி ஒன்பது வயதுக் குழந்தை தெளிவாகச் சொல்ல முடியும். எவரையும் தேர்ந்தெடுக்காமலேயே அது எழுவாயாக நிற்க முடியும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நல வல்லுநர்களின் துணையைப் பெற நீதிமன்றத்துக்கு வழி தருகிறது. குழந்தைகள் உடைமைகளும் அல்லர், பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்ற கருத்தை, சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு காப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே வலியுறுத்தியது. பொருள் அல்லர் என்பது எதிர்மறை வரையறை. யார் என்பதற்கு உடன்பாட்டு வரையறை இன்னும் நடைமுறையில் எழுதப்பட வேண்டியுள்ளது.

முடிவுரை

‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்னும் தொடர் 1914இல் சிறாரை எழுவாயாகக் காண இடமளித்தது. ‘பின்’ என்னும் சொல்லுக்கு 1999இல் எழுந்த உரை தாய்க்கு நீதி செய்தது. சிறார் அங்கு மீண்டும் உடைமைப் பொருளின் வேற்றுமைக்குத் திரும்பினர். ‘நலன்’ இரு தரப்பாரும் ஒரே தொடராகப் பயன்படுத்தும் அளவுக்குப் பொதுமைப்பட்டுள்ளது. மூலத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. அதுவரை உரையின் பயன் மனுவின் மொழியைச் சார்ந்தே நிற்கும். இசைவு மனுவில் ஒவ்வொரு நிபந்தனையையும் குழந்தையை எழுவாயாகக் கொண்டு ஒருமுறை எழுதிப் பார்ப்பது வழக்கறிஞருக்கும் பெற்றோருக்கும் செலவில்லாத பயிற்சி. அவ்வாறு எழுத இயலாத நிபந்தனை பெற்றோருக்காக மட்டுமே எழுதப்பட்டது என்பது அப்போது புலப்படும். சட்டத்தமிழ் ஆய்வும் கலைச்சொல் பட்டியலோடு நில்லாமல், கீழமை நீதிமன்ற மனுக்களின் தொடரமைப்பை ஆராய முற்படுதல் வேண்டும்.